வண்ணம் தீட்டுவது குழந்தையின் கோபத்தையும் அழுகையையும் தணிக்குமா?

விளையாட்டில் தோற்றாலும் கேட்டது கிடைக்காவிட்டாலும் தம் ஐந்து வயது மகன் கையில் இருப்பதை வீசி எறிவதாகவும், சமாதானம் சொல்லப் போனால் அழுகை இன்னும் கூடுவதாகவும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். வண்ணம் தீட்டக் கொடுத்தால் குழந்தைகள் உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பழகிக்கொள்வார்கள் என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையா, உண்மையென்றால் அதை எப்படிச் செய்வது என்பது அவருடைய கேள்வி.

உதவும் என்பதே என் பதில். ஆனால் அந்த உதவி வண்ணங்களுக்குள் தானாக ஒளிந்திருப்பதில்லை. எந்த நேரத்தில் கொடுக்கிறோம், கொடுத்த பிறகு பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்கிறார் என்ற இரண்டையும் பொறுத்தே அது கிடைக்கிறது. அவசரப்பட்டுக் கொடுத்தால் அதே கிரேயான் அடுத்து வீசி எறியப்படும் பொருளாகிவிடும். அதனால் நேரத்தைப் பற்றியே முதலில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோபம் உச்சத்தில் இருக்கும் குழந்தை வண்ணம் தீட்டாது, தீட்டவும் முடியாது. ஆபத்தையும் இழப்பையும் உணர்ந்தவுடன் உடலை உசுப்பிவிடும் அமிக்டலா முதலான மூளைப் பகுதிகள் பிறந்ததிலிருந்தே சுறுசுறுப்பாக இயங்குகின்றன. 'கொஞ்சம் பொறு, யோசி' என்று தடுத்து நிறுத்த வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியோ மெதுவாகத்தான் வளர்கிறது. அதன் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. ஐந்து வயதில் அந்தத் தடுப்பு இன்னும் மிகவும் பலவீனமானது. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, உடல் விறைத்து நிற்கும் அந்த நேரத்தில் எந்த அறிவுரையும் உள்ளே போவதில்லை. "வா, படம் வரையலாம்" என்ற அழைப்புகூட, தன் துயரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற இன்னொரு காயமாகவே குழந்தைக்குத் தோன்றும்.

ஆறுதலான செய்தி என்னவென்றால், அந்த உச்சம் நீண்ட நேரம் நிற்பதில்லை. சிறு குழந்தைகளின் அடம் எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதை மைக்கேல் பொட்டேகல் என்ற அமெரிக்க ஆய்வாளர் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதிக் கொடுத்த விவரங்களைத் தொகுத்து அவரும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட கட்டுரைகளின்படி, முக்கால்வாசி அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அது அரை மணி நேரம்போலத் தோன்றுவது வேறு விஷயம். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். கத்துவது, உதைப்பது, எறிவது போன்ற கோபச் செயல்கள் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்ச் சரிந்துவிடுகின்றன. சிணுங்கல், விசும்பல், அம்மாவிடம் ஒட்டிக்கொள்ளுதல் போன்ற சோகத்தின் அடையாளங்கள் கடைசி வரைக்கும் நீடிக்கின்றன. அதாவது கோபம் வடிந்த பிறகு எஞ்சியிருப்பது வருத்தம். வருத்தத்தில் இருக்கும் குழந்தை துணையைத் தேடுகிறது. வண்ணப் பென்சிலை எடுக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்பு நம் வேலை, யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அருகிலேயே இருப்பது மட்டுமே.

அப்போதுகூட, ஏற்கெனவே பழகாத ஒன்று குழந்தையை ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வண்ணம் தீட்டுவது என்றாலே நிம்மதியான நேரம், யாரும் அவசரப்படுத்தாத நேரம், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும் நேரம் என்ற பழக்கம் நல்ல நாட்களிலேயே உருவாகியிருக்க வேண்டும். பள்ளியிலிருந்து வந்த பிறகோ, படுக்கப் போவதற்கு முன்போ, தினமும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் இடைவெளிகளில்தான் சிறு குழந்தைகள் பெரும்பாலும் நிலைகுலைகிறார்கள். அந்த இடைவெளியில் இப்படி ஒரு நிலையான வழக்கம் இருப்பதே பல மோதல்களைத் தவிர்த்துவிடும். இந்த அடித்தளத்தைப் போடாமல், கோபம் வந்த நாளில் மட்டும் புத்தகத்தை நீட்டுபவர்களே பெரும்பாலும் "எங்கள் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படவில்லை" என்று சொல்கிறார்கள்.

இனி, வண்ணம் தீட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். கவனம் என்பது ஒரு நேரத்தில் ஓரளவுக்கு மேல் சுமக்காது. கோட்டைத் தாண்டாமல் கையைச் செலுத்துவதும், அடுத்து எந்த நிறம் என்று முடிவு செய்வதும், நிரம்பாமல் விட்டுப்போன வெள்ளை இடத்தைக் கண்டுபிடிப்பதும் அந்தக் கவனத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கின்றன. நடந்ததையே திரும்பத் திரும்ப மனத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கு இடம் குறைகிறது. ஒரே மாதிரியான கையசைவு தொடர்ந்து நடக்கும்போது மூச்சும் அதனோடு சேர்ந்து சீராவதைப் பக்கத்தில் இருப்பவர் கண்ணாலேயே பார்க்கலாம். நான் மிகவும் மதிக்கும் மூன்றாவது காரணமும் உண்டு. தோற்றுப்போன, மறுக்கப்பட்ட, கட்டளையிடப்பட்ட ஒரு குழந்தைக்கு அந்தத் தாளில் மட்டும் எல்லா முடிவும் அதனுடையது. யானைக்குப் பச்சை நிறம் என்று அது முடிவெடுத்தால் யானை பச்சைதான்.

ஆய்வுகள் இதற்கு எவ்வளவு ஆதரவு தருகின்றன என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். 2005-இல் நான்சி கரி, டிம் காசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களை முதலில் பயந்த அனுபவம் ஒன்றைப் பற்றி எழுதவைத்து, பிறகு இருபது நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்ட வடிவ மண்டலா கோலத்தையும், கட்டம் போட்ட வடிவத்தையும் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத் தாள் பெற்றவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்று கடைகளில் குவிந்திருக்கும் மண்டலா புத்தகங்களுக்குப் பின்னால் அடிக்கடி சுட்டிக்காட்டப்படுவது இந்த ஆய்வுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். பள்ளிக் குழந்தைகளிடம், தேர்வுக்குச் சற்று முன்பாக, டானா கார்ஸ்லியும் சகாக்களும் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் மண்டலா தீட்டியவர்களுக்கும் விருப்பம்போல் வரைந்தவர்களுக்கும் பதற்றம் குறையவே செய்தது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில்தான் மந்திரம் இருக்கிறது என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இந்த ஆய்வுகள் எல்லாம் அளந்தது அந்தச் சில நிமிடங்களின் பதற்றத்தை. மாதக்கணக்கில் ஒரு குழந்தையின் சுபாவமே மாறிவிடும் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் பயன்பட்டது ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடம், ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையச் சொன்னார்கள். சிலரை அதோடு தொடர்பில்லாத வேறொன்றை வரையச் சொன்னார்கள். சிலரை இன்னொரு படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார்கள். மனநிலை அதிகமாக மேம்பட்டது வேறொன்றை வரைந்த குழந்தைகளுக்குத்தான். "கோபத்தை உள்ளே வைக்காதே, அதையே வரைந்து வெளியே கொட்டிவிடு" என்று நாம் இயல்பாகச் சொல்லும் அறிவுரைக்கு இது நேர் எதிரானது. அழுது ஓய்ந்த குழந்தையிடம் "உன் கோபத்தை வரை" என்று தாளை நீட்டுவதைவிட, மீனோ பேருந்தோ பட்டமோ தீட்டச் சொல்வது நல்லது. நடந்ததைப் பேச வேண்டாம் என்பது இதன் பொருள் ஆகாது. பேச்சுக்கு உரிய நேரம் பிறகு வரும். உடல் தணிந்த பிறகுதான் மனம் கேட்கத் தயாராகும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பெரியவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு காட்சியாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். விசும்பல் இன்னும் நிற்கவில்லை. தாய் எதுவும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு தாளை எடுத்து, தானே ஓர் இலையைத் தீட்டத் தொடங்குகிறார். குழந்தைக்கு முன்னால் இன்னொரு தாளும் திறந்த பெட்டியும் இருக்கின்றன. சிறிது நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, பிறகு கருநீலக் கிரேயானை எடுத்து, தாளின் ஒரு மூலையில், முழு பலத்தையும் போட்டு இப்படியும் அப்படியுமாகத் தேய்க்கிறான். கிரேயான் பட்டென்று ஒடிகிறது. அவன் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். எல்லாமே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. "பார்த்தியா, உடைச்சிட்டே" என்று சொன்னால் இரண்டாவது அடம் தொடங்கும். "பரவாயில்லடா கண்ணா, ரெண்டு துண்டுலயும் தீட்டலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினால், அவனும் திரும்புவான். சற்று நேரத்தில் தேய்ப்பின் வேகம் குறைகிறது, கோடுகள் நீளமாகின்றன, இரண்டாவது நிறம் ஒன்றைத் தேடிக் கை பெட்டிக்குள் போகிறது. இரண்டாவது நிறத்தைத் தேடத் தொடங்குவது நல்ல அறிகுறி. தேர்ந்தெடுக்கும் அளவுக்கு மனத்தில் இடம் உண்டாகிவிட்டது என்று பொருள்.

பேச்சு அங்கே வரலாம், வராமலும் போகலாம். முகத்துக்கு முகம் உட்கார்ந்து "ஏன் எறிந்தாய்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை, இரண்டு பேரின் கண்ணும் தாளில் இருக்கும்போது தானாகவே "அவன்தான் மொதல்ல ஏமாத்தினான்" என்று சொல்லக்கூடும். அப்போது நீதி விசாரணை தொடங்க வேண்டாம். "ஏமாத்தினா கோவம் வரத்தான் செய்யும்" என்று அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்துக் கொடுத்தால் போதும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே அதன் வேகத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, படத்தில் தெரிந்த முகத்தின் உணர்ச்சியைச் சொல்லால் குறித்த நேரத்தில் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது தெரிந்தது. குழந்தையிடம் அந்தச் சொல் இன்னும் இல்லை. அதைக் கடன் கொடுக்க வேண்டியவர் பெரியவர். எறிந்தது தவறு என்பதையும் சொல்ல வேண்டும்தான். அதை ஒரே வாக்கியத்தில், அமைதியான குரலில், தீட்டி முடித்த பிறகு சொன்னால் மனத்தில் நிற்கும்.

அமைதியான நாட்களில் நிறங்களைக் கொண்டே உணர்ச்சிகளுக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தைத் தொடங்கலாம். ஓர் உடலின் வெளிக்கோட்டை வரைந்து கொடுத்து, "கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, அங்கே தீட்டு" என்று கேட்டால் குழந்தைகள் வியப்பான துல்லியத்துடன் பதில் சொல்கிறார்கள். சிலர் உள்ளங்கையைத் தீட்டுவார்கள், சிலர் வயிற்றை, சிலர் காதுகளை. தன் கோபம் கையில்தான் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, எறிவதற்கு முன்பு அந்தக் கை இறுகுவதைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள முடியும். அதுபோலவே ஓர் உயரமான குழாய் வடிவத்தை வரைந்து, இன்றைக்குக் கோபம் எவ்வளவு உயரம் வந்தது என்று அந்த அளவுக்கு நிரப்பச் சொல்லலாம். 'கொஞ்சம் எரிச்சல்' என்பதற்கும் 'தாங்க முடியாத கோபம்' என்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லால் விளக்குவது கடினம். நிரப்பிக் காட்டினால் அதற்கே தெரிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த உணர்ச்சிக்கு எந்த நிறம் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டால் அது மனப்பாடப் பாடமாகிவிடும். அதேபோல் தீட்டிய படத்தைப் பார்த்துக் குழந்தையின் மனத்தைப் படிக்க முயல்வதும் வேண்டாம். கறுப்பு நிறத்தை அதிகம் பயன்படுத்தினால் மனத்தில் ஏதோ இருக்கிறது என்று பயப்படும் பெற்றோரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல பாத்திரம், கெட்ட பாத்திரம் என்று சொல்லித் தீட்டச் சொன்னால், தமக்குப் பிடித்த நிறத்தை நல்லவருக்கும் பிடிக்காத நிறத்தைக் கெட்டவருக்கும் கொடுக்கும் போக்கு குழந்தைகளிடம் இருப்பதாக எஸ்தர் பர்கிட்டும் சகாக்களும் 2003-இல் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அது பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் போக்கு. ஒரு பிள்ளை இன்றைக்குக் கறுப்பை எடுத்தது, கறுப்புதான் தாளில் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக இருக்கலாம். மற்ற கிரேயான்கள் தேய்ந்துவிட்டதற்காகவும் இருக்கலாம். நிறக்குருடு உள்ள குழந்தைகள் புல்லுக்குப் பழுப்பும் அடிமரத்துக்குப் பச்சையும் தீட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடமே காணப்படுவதால், திரும்பத் திரும்பச் சிவப்பையும் பச்சையையும் மாற்றித் தீட்டினால் மனநல ஆலோசகரை விடக் கண் மருத்துவரிடம் முதலில் காட்டுவதே பொருத்தம். படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை தேர்வுக்கு உட்கார்ந்ததுபோல் விறைத்துவிடும்.

பரிசு, பாராட்டு ஆகியவற்றிலும் கவனம் தேவை. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையோடு இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஆசையாகச் செய்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. "அழாமல் தீட்டினால் பொம்மை வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். "சூப்பர், எவ்வளவு அழகு!" என்ற வாய்ப் பாராட்டும் ஓரளவுக்கு மேல் போனால் குழந்தை தன் மனத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். கண்ணில் பட்டதைச் சொன்னாலே போதும்: "இந்த ஓரம் முழுக்க நீலமாத் தீட்டியிருக்கே." கோட்டைத் தாண்டியதைத் திருத்தவே வேண்டாம். கையெழுத்துப் பயிற்சிக்கு வேறு நேரம் இருக்கிறது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நான்கு வயதில் தடித்த கிரேயானும், பெரிய எளிய வடிவங்களும் வேண்டும். ஐந்து ஆறு வயதுக்கு நடுத்தர அளவுப் படங்கள் சரியாக இருக்கும். நுணுக்கமான கோலங்களை எட்டு ஒன்பது வயதுக்கு முன்பு கொடுத்தால் அதுவே எரிச்சலைக் கிளப்பும். கோபத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கெட்ச் பேனாவைவிடக் கிரேயான் ஏற்றது. அழுத்தினால் அழுத்தமாகவும் மெதுவாகத் தேய்த்தால் மென்மையாகவும் விழுவதால், கையின் வேகம் குறைவதைக் குழந்தையே தாளில் பார்க்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. நச்சற்றவை என்று குறிப்பிடப்பட்டவற்றையே வாங்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடம் ஒடிந்த சிறு துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. கைபேசியில் தொட்டவுடன் கட்டம் நிரம்பும் செயலிகளை இந்த நோக்கத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கையின் உழைப்பும் மெதுவான வேகமும் அங்கே இல்லை; நிறுத்தச் சொல்லும்போது இன்னொரு சண்டையும் வருகிறது.

அச்சிட்ட படமா, வெற்றுத் தாளா என்பது கலைக் கல்வியில் பழைய விவாதம். குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்துச் சொன்ன விக்டர் லோவன்ஃபெல்டு, வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் சொந்த வெளிப்பாட்டைக் கெடுக்கின்றன என்று 1940-களிலேயே கடுமையாக எதிர்த்தார். பெரியவர் வரைந்த கச்சிதமான பறவையை நிரப்பிப் பழகிய குழந்தை, தான் வரைந்த கோணல் பறவையைப் பார்த்து வெட்கப்படும் என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன 2013-ஆம் ஆண்டு ஆய்விலும், இன்னொரு படத்தை அப்படியே நகலெடுத்த குழந்தைகளுக்குக் கிடைத்த பலன் குறைவாகவே இருந்தது. 2017-இல் கிரிஜா கைமலும் சகாக்களும் பெரியவர்களிடம் செய்த ஆய்விலும், வண்ணம் தீட்டுதலால் மன அழுத்தம் குறைந்தாலும், கலை சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க விருப்பப்படி படைத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலான நன்மைகள் கிடைத்தன. எனினும் மனம் கலங்கியிருக்கும் நேரத்தில் வெற்றுத் தாள் சில குழந்தைகளைப் பயமுறுத்தும். என்ன வரைவது என்ற கேள்வியே ஒரு சுமையாகிவிடும். ஆகவே என் யோசனை இதுதான்: கலங்கிய நேரத்துக்குக் கோடு போட்ட எளிய வடிவங்களும், நல்ல நேரத்துக்கு வெற்றுத் தாளும் இருக்கட்டும். குழந்தை தானே வரைந்து வைத்த படங்களைச் சேர்த்து வைத்து, அவற்றையே பிறகு தீட்டக் கொடுத்தால் இரண்டுக்கும் இடையிலான சண்டையே தீர்ந்துவிடும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பிடிப்பதில்லை என்பதையும் ஏற்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கையை மட்டும் அசைப்பது சிலருக்குத் தண்டனையாக இருக்கும். அவர்களுக்கு ஓடுவதும் குதிப்பதும் களிமண்ணைப் பிசைவதும் பழைய காகிதத்தைக் கிழிப்பதும் செய்யும் வேலையை வண்ணப் பென்சில் செய்யாது. பென்சில் பிடிப்பதிலேயே சிரமப்படும் குழந்தைக்கு வண்ணம் தீட்டும்போது பதற்றம் கூடத்தான் செய்யும். சில நாட்கள் அழைத்துப் பார்த்தும் பிள்ளை விலகிப் போனால், விட்டுவிட்டு வேறு வழி தேடுவதே நேர்மை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று இருக்கிறது. வண்ணம் தீட்டுவதைக் குழந்தையின் வாயை அடைக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. "மூலையில் உட்கார்ந்து இதைத் தீட்டு, அழுகை நின்ற பிறகு வா" என்று அனுப்பினால், அழுகை நிற்கலாம். ஆனால் துயரப்படும்போது தனியாக அனுப்பப்படுவோம் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. அண்ணன் பொம்மையைப் பிடுங்கியதால் அழும் தங்கைக்கு முதலில் வேண்டியது அந்தப் பொம்மை திரும்பக் கிடைப்பதுதான். பசியிலும் தூக்கமின்மையிலும் எழும் அழுகைக்கு உணவும் உறக்கமும்தான் பதில். தினமும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காகக் குழந்தை உடைந்து அழுகிறது என்றால், அந்தக் காரணத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பது பெரியவர்களின் கடமை. விளையாட்டில் தோற்று எறியும் பிள்ளையிடம், அவன் கட்டாயம் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்கலாம். வீட்டில் பெரியவர்கள் தோல்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அவன் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான்.

பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கும் ஒரு சொல். அடம் முற்றாக நின்றுபோவதை எதிர்பார்க்க வேண்டாம். ஐந்து வயதில் அப்படி நின்றுபோவது இயல்பும் அல்ல. அடங்க எடுக்கும் நேரம் குறைகிறதா, எறிவதற்குப் பதிலாக ஒரு முறையாவது "எனக்குக் கோவம் வருது" என்று சொல்கிறானா, நாம் சொல்லாமலே எப்போதாவது பெட்டியைத் தேடி எடுக்கிறானா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று நடந்தாலும் பழக்கம் வேர் பிடிக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் குழந்தை தன்னையோ மற்றவரையோ திரும்பத் திரும்பக் காயப்படுத்துவது, அடம் அரை மணி நேரத்துக்கும் மேலாக அடிக்கடி நீள்வது, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெடுவது, பிடித்த விளையாட்டுகளில் ஆர்வமே போய்விடுவது, முன்பு பழகியிருந்த பேச்சோ கழிப்பறைப் பழக்கமோ பின்னோக்கிப் போவது, ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு திடீரென்று அஞ்சுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், வண்ணப் பென்சிலோடு காத்திருக்க வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரைப் பார்த்து, காது வலி, வயிற்றுக் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்ற உடல் காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் வழியாகக் குழந்தை மனநல நிபுணரிடம் செல்லுங்கள். போகும்போது எந்தெந்த நாளில், எதற்காக, எவ்வளவு நேரம் அழுதான் என்ற குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். அவன் தீட்டிய படங்களைவிட அந்தக் குறிப்பே அவர்களுக்கு அதிகம் பயன்படும்.